பக்கத்து வீட்டுப் பரோபகாரம்

சேவா சங்கங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டுகிறவருக்கு, இத்தனை பேருக்கு அன்னம், இத்தனை பிள்ளைகளுக்குப் புத்தகம் என்ற கணக்குகள் கிடைக்குமேயன்றி, பெற்றுக்கொண்டவர் உண்மையில் எதை வேண்டி நின்றார் என்ற விஷயம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதை அறிய வேண்டுமாயின் அவர் வசிக்கும் தெருவிலேயே குடியேறிவிட வேண்டும் என்று துணிந்தவர் அமெரிக்க மாதரசி ஜேன் ஆடம்ஸ். லண்டன் நகரின் கிழக்குப் பகுதியில், சர்வகலாசாலை வாலிபர்கள் ஏழைகளின் நடுவே தங்கி வாழ்ந்த டாயின்பி ஹால் என்னும் இல்லத்தை 1888-ல் நேரில் கண்டு திரும்பிய அவர், மறு ஆண்டு செப்டம்பரில், எல்லென் ஸ்டார் என்ற தோழியோடு சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய மாளிகையில் குடிபுகுந்தார். ஒரு பக்கம் மதுக்கடை, மறுபக்கம் பிரேத அடக்கத்துக்கு ஏற்பாடு செய்வோரின் கடை. சுற்றிலும் இத்தாலியரும் கிரேக்கரும் ரஷ்ய யூதரும் நெருக்கியடித்து வாழ்ந்த சந்துகள். கட்டியவரின் பெயரால் அவ்வீடு ஹல் ஹவுஸ் எனப்பட்டது.

வந்த புதிதில் அப்பெண்மணிகள் அயலாரை அழைத்து ஜார்ஜ் எலியட்டின் 'ரோமோலா' நாவலை வாசித்துக் காட்டினார்கள் என்பதை நாம் சற்றுப் புன்னகையோடு நினைக்கலாம். ஆனால் தெரு அவர்களுக்கு வேறு பாடம் வைத்திருந்தது. தாய்மார் பிழைப்புக்காக வெளியே செல்ல, வீட்டில் பூட்டப்பட்டுக் கிடந்த குழந்தைகளுள் ஒன்று மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து ஊனமுற்றிருந்தது. ஒன்று தீயில் வெந்திருந்தது. மற்றொன்று பகல் முழுவதும் அடுக்களை மேஜைக்காலில் கட்டப்பட்டு முதுகெலும்பு வளைந்துபோயிருந்தது. குழந்தைகளைப் பகலெல்லாம் பராமரிக்கும் இல்லம் அங்கே எழுந்ததற்கு வேறு காரணம் கேட்பானேன்?

அவ்வீட்டார் கொண்டாடிய முதற் கிறிஸ்துமஸ் பண்டிகையின்போது மிட்டாய் கொடுத்தபொழுது சில சிறுமிகள் அதைத் தொட மறுத்துவிட்டார்கள். மிட்டாய்த் தொழிற்சாலையில் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை ஆறு வாரங்கள் உழைத்த அவர்களுக்கு அதைக் கண்ணால் காணவே அருவருப்பாயிருந்தது. கொடையாளிக்கு இதைவிட வெட்கந்தரும் உபதேசம் வேறெதுவும் கிடைத்திராது. பின்னர் அவ்வில்லத்தில் வந்து தங்கிய ஃப்ளாரன்ஸ் கெல்லி போன்றோரின் இடையறாத பிரயாசையால், 14 வயது நிரம்பாத சிறுவர் சிறுமியரைத் தொழிற்சாலைகளில் வேலைக்கு அமர்த்தலாகாது என்ற சட்டம் இல்லினாய் மாகாணத்தில் 1893-ல் பிறந்தது. பிள்ளைகளின் கூலியை நம்பி அடுப்பு மூட்டிய பெற்றோருக்கு அது கசந்திருந்தால் வியப்பில்லை. சிறார் குற்றங்களை விசாரிப்பதற்கென்றே உலகில் முதன்முதலாக ஏற்பட்ட தனி நீதிமன்றம் 1899-ல் அதே சிகாகோவில் கூடியதிலும் இவ்வீட்டாருக்குப் பங்குண்டு.

குப்பை விஷயம் தனியே சொல்லத்தக்கது. குப்பை வண்டிகள் அந்த வட்டாரத்தைச் சரிவர எட்டிப் பாராமையால், 1895-ல் ஆடம்ஸ் அம்மையாரே குப்பைப் பரிசோதகர் உத்தியோகத்தை ஏற்று, விடியற்காலையில் வண்டிகளின் பின்னே சென்றார். குறுகிய தெரு ஒன்றைத் தோண்டிய பொழுது ஒன்றரை அடிக்குக் கீழே தளம் பாவிய சாலை புலப்பட்டது. அத்தெருவின் இத்தாலியருக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லாதிருந்ததற்கு, மண்ணில் புதைந்த பட்டணங்களை அகழ்ந்தெடுக்கக் கண்டு பழகியவர்கள் அவர்கள் என்பதே காரணம் போலும் என்று அம்மையார் பிற்காலத்தில் வேடிக்கையாக எழுதினார்.

எல்லா முயற்சியும் பலித்துவிடவில்லை. சத்துணவுச் சாஸ்திரத்தைக் கற்று, மலிவான விலைக்குப் புஷ்டியான சூப்பும் கூழும் விற்பதற்குப் பொதுச் சமையற்கூடம் ஒன்றைத் திறந்தார்கள். அயலார் அதிகம் வரவில்லை. அந்த ஆகாரத்தில் சத்து இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்ட ஒரு பெண்பிள்ளை, ஆனாலும் தனக்குப் பிடித்ததைத் தின்பதே தனக்கு இஷ்டம் என்று சொல்லிவிட்டாள். விதவிதமான தேசத்து நாக்குகளையும் பரம்பரை ருசிகளையும் கணக்கில் எடுக்க மறந்ததை உணர்ந்தவர்கள், அவளோடு வாதாடவில்லை. அருகேயே அவர்கள் நடத்திய காப்பிக் கடையில், மதுக்கடைக்குப் போக விரும்பாதவர்கள் மாலை வேளைகளில் உட்கார்ந்து அளவளாவினார்கள்.