காய்ச்சல் விட்டாச்சு, அப்புறம் எதுக்கு மாத்திரை?

1/ "காய்ச்சல்தான் விட்டுடுச்சே டாக்டர், இன்னும் எதுக்கு மாத்திரை?" மலேரியா நோயாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி. பதில் 1880-ல் தொடங்குது. பொறுமையா படிங்க.

2/ 1880 நவம்பர் 6. அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரம். பிரெஞ்சு ராணுவ மருத்துவர் லாவெரான், மலேரியா வந்த சிப்பாயின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார். உருண்டையான ஓர் உருவத்திலிருந்து மெல்லிய இழைகள் சாட்டை மாதிரி துடிக்கின்றன. உயிருள்ள கிருமி என்றார். பலர் நம்பவில்லை. உடலை விட்டு வெளியே வந்த கிருமியின் சாவுத் துடிப்புதான் அது என்றும் சிலர் சொன்னார்கள்.

3/ 1897. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவம் பயின்ற மெக்கல்லம், காக்கை ரத்தத்தில் மலேரியாவின் நெருங்கிய உறவுக் கிருமியைக் கவனித்தார். ஓர் இழை பிய்த்துக்கொண்டு நீந்திப்போய் இன்னோர் உருண்டைக்குள் நுழைந்தது. சாவு இல்லைங்க, கல்யாணம்! இழை ஆண், உருண்டை பெண்.

4/ அதே வருஷம் ஆகஸ்ட் 20, செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா கிருமியைக் கண்டார். மறுவருஷம் கல்கத்தாவில், பறவை மலேரியா கிருமி கொசுவின் எச்சில் சுரப்பி வரை போவதைக் காட்டினார். மனித மலேரியாவைப் பரப்புவது அனோபிலிஸ் என்று இத்தாலியில் கிராஸ்ஸி குழு 1898-ல் நிறுவியது.

5/ ஆக, ஒரே கிருமிக்கு ரெண்டு வாழ்க்கை. நம்ம உடம்புல அதுக்கு ஜோடி வேண்டாம். ஒண்ணு பலவாப் பிரியும். சிவப்பணு வெடிக்கும்போதுதான் குளிர்காய்ச்சல். வைவாக்ஸ் வகையில் சுமார் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை.

6/ சில மட்டும் ஆண், பெண் வடிவமா மாறி ரத்தத்தில் காத்திருக்கும். கொசு உறிஞ்சியதும் சூடு குறையும், சில நிமிஷத்தில் ஆண் இழை விடும். லாவெரான் கண்ணாடித் தகட்டில் பார்த்தது இதைத்தான்! பிரிஞ்சா எண்ணிக்கை பெருகும். சேர்ந்தா மரபணுக்கள் கலந்து புதுப்புது ரகம் பிறக்கும்.

7/ இப்ப உங்க கேள்விக்கு வருவோம். காய்ச்சல் தருவது பிரிந்து பெருகும் கட்டம் மட்டும்தான். வைவாக்ஸ் கல்லீரலில் சத்தமில்லாம தூங்கி, மாசக்கணக்கில் கழிச்சு எழுந்து வரும். அதுக்குத்தான் 14 நாள் பிரைமாகுயின். ஃபால்சிபாரத்தில் ஆண், பெண் வடிவங்கள் காய்ச்சல் விட்ட பிறகும் ரத்தத்தில் இருக்கும். அதுக்கும் இதே மருந்துதான், ஒரே வேளை.

8/ இதை நீங்களா கடையில் வாங்காதீங்க. கர்ப்பிணிகளுக்குக் கூடாது. ஜி6பிடி குறைபாடு உள்ளவங்களுக்கு ரத்த அணு சிதையலாம். சிறுநீர் கருத்தா உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

9/ காய்ச்சல் விட்டா பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கோம். மீதி மாத்திரை உங்களுக்காக மட்டுமில்ல, அடுத்து அந்தக் கொசு கடிக்கப்போற பக்கத்து வீட்டுக் குழந்தைக்காகவும்.