ஒரே செயல், வேறுபடும் அசைவுகள்: விளையாட்டுத் திறனும் உடல் இயக்க ஒருங்கிணைப்பும்

எலும்பு முறிவு, மூட்டுக் காயம், பக்கவாதம் ஆகியவற்றிலிருந்து மீண்டு வருவோர் பலருக்கும் ஓர் ஐயம் எழுகிறது: "ஒவ்வொரு முறையும் கை வேறு விதமாகச் செல்கிறதே, பயிற்சி தவறாகிவிட்டதா?" தேர்ந்த விளையாட்டு வீரரின் அசைவும் இரு முறை அச்சொத்து அமைவதில்லை. எல்லா மாறுபாடும் பிழையன்று; எது இயல்பு, எது எச்சரிக்கை என்பதை அறிந்துகொள்வதே முக்கியம்.

இயக்க ஒருங்கிணைப்பு என்றால் என்ன?

ஒரு செயலைச் செய்வதற்காக மூளை, நரம்புகள், தசைகள், மூட்டுகள் ஆகியவை இணைந்து இயங்குவது இயக்க ஒருங்கிணைப்பு எனப்படும். தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகிய மூன்றும் சேர்ந்து ஏழு வகையாக அசைய வல்லவை. ஆகவே, ஒரு குவளையை எடுப்பதற்குக் கூட எண்ணற்ற வழிகள் உள்ளன. ஒரே செயலைத் திரும்பச் செய்யும்போது அசைவில் தோன்றும் வேறுபாடே இயக்க மாறுபாடு.

இது எவ்வாறு கண்டறியப்பட்டது?

1920களில் மாஸ்கோவில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் என்னும் அறிவியலாளர், சுத்தியலால் உளியை அடிக்கும் தொழிலாளர்களின் உடலில் சிறு விளக்குகளைப் பொருத்திப் படம் எடுத்தார். அடிக்கு அடி மூட்டுகளின் பாதை மாறியது. சுத்தியல் முனை சென்றடைந்த இடமோ அவ்வளவாக மாறவில்லை. ஒரு மூட்டின் சிறு விலகலை மற்றொரு மூட்டு ஈடுசெய்ததே இதற்குக் காரணம்.

ராஜபாளையம் நூற்பாலைகளில் அறுந்த இழையை இணைக்கும் கைகளுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரில் அடுப்பின் முன் நின்று பால்கோவா கிளறும் கைகளுக்கும் இவ்விதியே பொருந்தும். பால் இறுக இறுகக் கையின் விசையும் வீச்சும் மாறியாக வேண்டும்.

விளையாட்டில் இதன் பங்கு என்ன?

துப்பாக்கி சுடுதலில் பயிற்சி பெற்றவரின் மணிக்கட்டு சற்று அசைந்தால், தோள் எதிர்த்திசையில் அசைந்து குழலை நிலைநிறுத்துகிறது. புதியவர் கையை விறைப்பாக்கிக் கொள்கிறார். அதனால் ஒரு மூட்டின் அசைவு அப்படியே குழலின் முனைக்குச் செல்கிறது. கைப்பந்தில் பந்தை மேலே எறிந்து அடிப்பவரும் ஒவ்வொரு எறிதலின் உயரத்துக்கேற்பத் தம் கையைத் திருத்திக்கொள்கிறார்.

சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவின் வலது கால், ஐந்து வயதில் நேர்ந்த பேருந்து விபத்தில் முழங்காலுக்குக் கீழே சிதைந்தது. அவர் பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் ரியோ 2016இல் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், டோக்கியோ 2020இல் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளியும், பாரிஸ் 2024இல் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலமும் வென்றார். திறமைக்கு ஒரே ஓர் 'சரியான' அசைவு இல்லை. தம் உடலுக்கேற்ற வழியைக் கண்டடைவதே திறமை என்பதற்கு இது சான்று.

எப்போது மாறுபாடு கவலைக்குரியது?

• இயல்பானது: அசைவு சற்று வேறுபட்டாலும் செயல் நிறைவேறுகிறது, வலி கூடவில்லை, நிலை தடுமாறவில்லை.
• மிகக் குறைந்த மாறுபாடு: பக்கவாதத்துக்குப் பின் கையைத் தூக்கும்போதெல்லாம் முழங்கையும் விரல்களும் சேர்ந்தே மடங்குதல், காயத்துக்குப் பின் அச்சத்தால் காலை விறைப்பாக வைத்து நடத்தல்.
• மிகுந்த மாறுபாடு: காலடிகள் ஒரு சீராக விழாமை. முதியோரிடம் இது கீழே விழும் அபாயத்தோடு தொடர்புடையது.

நோயாளிகள் செய்ய வேண்டியவை

• பயிற்சியின் அளவையும் வகையையும் இயன்முறை மருத்துவரின் அறிவுரைப்படி மட்டுமே கூட்டுங்கள்.
• அடிப்படை அசைவு கைவந்தபின், குவளையின் இடம், உயரம், எடை ஆகியவற்றைச் சிறிது சிறிதாக மாற்றிப் பழகலாமா என்று அவரிடம் கேளுங்கள்.
• மூட்டு எவ்வாறு மடங்குகிறது என்பதையே எண்ணிக்கொண்டிராமல், செயலின் இலக்கிலும் கவனம் செலுத்துங்கள்.
• ஆலைப் பணிக்கோ ஆடுகளத்துக்கோ திரும்பும் நாளை மருத்துவருடன் கலந்து முடிவு செய்யுங்கள்.

பராமரிப்பாளர்கள் கவனிக்க வேண்டியவை

• "நேற்றுப் போலச் செய்" என்று வற்புறுத்தாதீர்கள். செயல் முடிந்ததா, வலி இருந்ததா என்று கேளுங்கள்.
• பக்கவாதத்தால் தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள் மூட்டு பாதிக்கப்படலாம்.
• நடைப்பயிற்சியின்போது அருகிலேயே இருங்கள். தரை ஈரமின்றி இருக்கட்டும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

மூட்டில் வீக்கம், கூடிவரும் வலி, புதிதாகத் தோன்றிய நடுக்கம், அடிக்கடி தடுமாறுதல் ஆகியவை இருந்தால் அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகுங்கள். முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் செயலிழத்தல், பேச்சுக் குழறுதல், திடீரென நடை தள்ளாடுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். இவை சற்று நேரத்தில் மறைந்துவிட்டாலும் காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள்.

மருத்துவமனைக்குச் செல்ல இயலாதோருக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை அளிக்கப்படுகிறது. விவரங்களுக்கு உங்கள் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தையோ 104 உதவி எண்ணையோ தொடர்புகொள்ளுங்கள்.