பழங்காலச் செட்டீ (இருக்கை)

இக்கட்டுரை ஓர் இருக்கை வகை பற்றியது. வணிகச் சமூகத்தாரைக் குறிக்கும் சொல்லுக்கு, செட்டி என்ற கட்டுரையைப் பார்க்கவும்.

செட்டீ என்பது இருவரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து அமரக்கூடிய, முதுகுச்சாய்வும் கைப்பிடிகளும் கொண்ட நீள இருக்கை ஆகும். இலங்கைத் தமிழ்ப் பேச்சு வழக்கில் இது செற்றி எனவும் வழங்கும். சோபாவும் செட்டீயும் இன்று ஒரே பொருளில் பயன்படுத்தப்பட்டாலும், அறைகலன் வரலாற்றில் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. சோபா சாய்ந்து இளைப்பாறுவதற்கு உரியது, ஆழமானது, முழுவதும் மெத்தை வைத்துத் தைக்கப்பட்டது. செட்டீயோ நிமிர்ந்து அமர்வதற்கு உரியது. அதன் மரச்சட்டம் பெரும்பாலும் வெளியே தெரியும். இவ்வேறுபாடு, பழைய செட்டீ ஒன்றை வீட்டில் எதற்குப் பயன்படுத்தலாம் என்பதைத் தீர்மானிப்பதில் முக்கியமானது.

பழம்பொருள் என்பதற்குப் பன்னாட்டுச் சுங்க வகைப்பாடு 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயதை அளவுகோலாகக் கொள்கிறது. அதைவிட வயது குறைந்த பழைய பொருட்களை வணிகர்கள் விண்டேஜ் என்பர். இச்சொல்லுக்குச் சட்ட வரையறை இல்லை.

வரலாறு

செட்டீயின் முன்னோடி, இடைக்கால ஐரோப்பாவில் பயன்பட்ட செட்டில் என்னும் உயரமான முதுகுடைய மரப்பலகை இருக்கையாகும். செட்டீ என்ற ஆங்கிலச் சொல்லும் இதிலிருந்தே திரிந்ததாகக் கருதப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டில் நாற்காலியை அகலப்படுத்தியது போன்ற வடிவில் செட்டீக்கள் தோன்றின. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள நோல் மாளிகையில், பக்கங்களை இறக்கி வைக்கக்கூடிய 17ஆம் நூற்றாண்டு இருக்கை ஒன்று உள்ளது. நோல் சோபா என்ற வகைப்பெயர் இதிலிருந்து வந்தது.

18ஆம் நூற்றாண்டில் தாமசு சிப்பெண்டேல் (1718–1779) 1754இல் வெளியிட்ட வடிவமைப்பு நூலும், சியார்ச்சு எப்பிள்வைட்டின் பெயரில் 1788இல் வெளிவந்த நூலும், தாமசு செரட்டன் 1790களில் வெளியிட்ட நூலும் செட்டீக்களின் உருவத்தைப் பெரிதும் தீர்மானித்தன. பிற நாட்டுத் தச்சர்களும் இந்நூல்களைப் பார்த்துச் செய்ததால், "சிப்பெண்டேல் செட்டீ" என்ற பெயர் பெரும்பாலும் பாணியைக் குறிக்குமே தவிர அவரது பட்டறையைக் குறிக்காது.

19ஆம் நூற்றாண்டில் சுருள்வில்கள் பரவியதால் இருக்கைகள் தடித்து உயர்ந்தன. நியூயார்க்கில் சான் என்றி பெல்ட்டர் (1804–1863) மெல்லிய மரத்தகடுகளை ஒட்டி வளைத்து, செறிந்த செதுக்கு வேலையுடன் செட்டீக்கள் செய்தார். மைக்கேல் தோனெட் (1796–1871) பீச் மரக் கழிகளை நீராவியில் வளைத்து, பிரம்புப் பின்னல் இருக்கைகளைத் தொழிற்சாலையில் உற்பத்தி செய்தார்.

சோழமண்டலக் கடற்கரையும் இலங்கையும்

17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்து, ஆங்கிலேய வணிகர்களுக்காகச் சோழமண்டலக் கடற்கரையிலும் இலங்கையிலும் கருங்காலி மரத்தில் செறிவான செதுக்கு வேலையுடன் நாற்காலிகளும் செட்டீக்களும் செய்யப்பட்டன. இவற்றின் முறுக்கிய கால்களும் கருநிறமும் ஐரோப்பியரைக் குழப்பின. ஆங்கில எழுத்தாளர் ஒரேசு வால்போல் (1717–1797) இவ்வகைக் கருங்காலி நாற்காலிகளை 16ஆம் நூற்றாண்டின் டியூடர் கால ஆங்கிலப் பொருட்கள் என நம்பித் தமது ஸ்ட்ராபெரி இல் மாளிகைக்கு வாங்கினார். இவை ஆசியத் தச்சர்களின் கைவேலை என்பது பின்னரே தெளிவானது. தோற்றத்தை மட்டும் கொண்டு காலமும் இடமும் கூறுவதன் ஆபத்துக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இலங்கையில் ஒல்லாந்தர் காலத்து அறைகலன்கள் கருங்காலி, முதிரை, பலா முதலிய மரங்களில் பிரம்புப் பின்னலுடன் செய்யப்பட்டன. கொழும்பு புறக்கோட்டையில் உள்ள ஒல்லாந்தர் கால அருங்காட்சியகத்தில் அக்கால அறைகலன்களைக் காணலாம். தமிழ்நாட்டில் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில், செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வந்த தேக்கு, தோதகத்தி இருக்கைகள் விற்கப்படுகின்றன.

வகைகள்

- நாற்காலி முதுகுச் செட்டீ: இரண்டு, மூன்று அல்லது நான்கு நாற்காலி முதுகுகளை வரிசையாக இணைத்தது போன்றது.
- ஒட்டக முதுகுச் செட்டீ: மெத்தை வைத்த முதுகின் மேல்விளிம்பு நடுவில் திமில் போல் எழுந்திருக்கும்.
- விண்ட்சர் செட்டீ: கனமான பலகை இருக்கையில் மெல்லிய கழிகளைச் செருகி முதுகு அமைத்தது.
- எதிர்முகச் செட்டீ: மேலிருந்து பார்க்க ஆங்கில எஸ் எழுத்துப் போல் வளைந்தது. அமர்பவர் இருவரும் ஒருவரையொருவர் நோக்குவர்.
- பிரம்புச் செட்டீ: இருக்கையோ முதுகோ பிரம்பால் பின்னப்பட்டது. காற்றோட்டம் உள்ளதால் வெப்ப நாடுகளுக்கு ஏற்றது.

வயதைக் கண்டறிதல்

செட்டீயின் முன்பக்கம் மெருகிடப்பட்டது. உண்மையைச் சொல்வது அடிப்பக்கமே. எனவே வாங்குமுன் அதைக் கவிழ்த்துப் பார்ப்பது இன்றியமையாதது.

- இணைப்புகள்: பழைய சட்டங்களில் துளையில் கழுந்தைச் செருகி மரமுளை அடித்திருப்பர். மரம் சுருங்குவதால் முளையின் தலை சற்றுத் துருத்தி நிற்கும்.
- திருகாணிகள்: கையால் செய்த திருகாணியின் தலைவெட்டு நடுவில் அமையாமலும், நுனி மழுங்கியும் இருக்கும். கூர்நுனித் திருகாணிகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே பரவின. கூட்டல்குறி வெட்டுடைய பிலிப்சு திருகாணி 1930களுக்கு உரியது. எனினும், ஒரு திருகாணி பிற்காலப் பழுதுபார்ப்பையும் காட்டலாம்.
- அறுத்த தடம்: கைவாளின் தடம் நேர்கோடாகவும், வட்டவாளின் தடம் வில்போலவும் இருக்கும்.
- மெத்தை: குதிரை மயிர், வைக்கோல், சணல் பட்டை ஆகியவை பழமையைக் காட்டும். நுரைப்பஞ்சு இருந்தால் அது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்திய வேலை.
- ஆணித்துளைகள்: ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் சட்டத்தில் துளைகள் கூடும். பழையது எனப்படும் சட்டத்தில் ஒரே ஒரு வரிசைத் துளைகள் மட்டும் இருந்தால் ஐயுற வேண்டும்.

இரண்டு பழைய நாற்காலிகளைப் பிரித்து ஒரு செட்டீயாக்கி விற்பதும் உண்டு. முன்சட்டத்தில் ஒட்டு, மர நிற வேறுபாடு, பொருந்தாத செதுக்கு ஆகியவை இதனைக் காட்டிக் கொடுக்கும்.

தெரிவு செய்தல்

முதலில் சட்டத்தின் உறுதியைச் சோதிக்க வேண்டும். ஒரு முன்காலைச் சற்று உயர்த்தினால், உறுதியான சட்டத்தில் அடுத்த முன்காலும் விரைவில் எழும். தளர்ந்த சட்டம் முறுக்கிக் கொள்ளும். தளர்ந்த இணைப்பைச் சரிசெய்யலாம். ஆனால், உளுத்துப்போன காலையும், இருக்கைச் சட்டத்தில் விழுந்த நீண்ட வெடிப்பையும் சரிசெய்வது செலவு மிக்கது.

மரத்தில் 1–2 மி.மீ. அளவுள்ள துளைகள் வண்டு வெளியேறியதன் அடையாளம். துளையின் விளிம்பு கறுத்திருந்தால் பெரும்பாலும் பழைய பாதிப்பு. வெளிறிய புதுத்தூள் கொட்டினால் பூச்சி உயிருடன் உள்ளது எனக் கொள்ள வேண்டும். அத்தகைய பொருளை ஏனைய மரப்பொருட்களின் அருகில் வைத்தல் கூடாது.

மெத்தை வேலையின் கூலி, பல வேளைகளில் செட்டீயின் விலையையும் மிஞ்சும். ஆகவே இரண்டையும் கூட்டியே விலையை மதிப்பிட வேண்டும். வீட்டுக் கதவு, படிக்கட்டுத் திருப்பம் ஆகியவற்றின் அளவுகளையும் முன்னரே எடுத்துக்கொள்வது நல்லது. முழுச்சட்டமாக இணைத்த பழைய செட்டீக்களைப் பிரித்து உள்ளே கொண்டு செல்ல இயலாது.

வீட்டில் பயன்பாடு

நிமிர்ந்த முதுகும் குறைந்த ஆழமும் உடையதால் செட்டீ, முன்கூடம், நடைவழி, கட்டிலின் கால்மாடு, உணவு மேசையின் ஒரு பக்கம் ஆகிய இடங்களுக்குப் பொருந்தும். நீண்ட நேரம் தொலைக்காட்சி பார்ப்பதற்கு ஏற்றதன்று. உணவு மேசையுடன் பயன்படுத்துவதாயின் இருக்கையின் உயரம் ஏறத்தாழ 45 செ.மீ. இருத்தல் வேண்டும். முழங்கால் வலி உள்ள முதியோருக்கு, தாழ்ந்த சோபாவைவிட இவ்வுயரமும் உறுதியான கைப்பிடியும் எழுவதற்கு எளிது.

செட்டீயை இழுக்காமல், இருவர் இருக்கைச் சட்டத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்துத் தூக்குவது இணைப்புகளைத் தளர்த்தும். நேரடி வெயில் மரத்தையும் துணியையும் வெளுக்கச் செய்யும். குளிரூட்டியின் காற்று நேராகப் படும் இடத்தில் மரம் விரைந்து சுருங்கி வெடிக்கக்கூடும்.

பராமரிப்பு

பழைய மெருகைச் சுரண்டி உப்புத்தாள் தேய்ப்பதே பழம்பொருளுக்குச் செய்யப்படும் மிகப்பெரிய கேடு ஆகும். நூற்றாண்டுகளாகப் படிந்த மேற்பரப்பு ஒருமுறை போனால் மீளாது. பொருளின் மதிப்பும் குறையும். 19ஆம் நூற்றாண்டுப் பொருட்கள் பலவற்றின் மெருகு அரக்கால் ஆனது. அரக்கு சாராயத்தில் கரையும் என்பதால், சாராயம் கலந்த துடைப்பு நீர்மங்களைத் தவிர்க்க வேண்டும். உலர்ந்த மென்துணியால் துடைத்து, எப்போதாவது தேன்மெழுகு பூசுவது போதுமானது.

பழைய இணைப்புகளை ஒட்டிய விலங்குத்தோல் பசை, ஈரமும் வெப்பமும் பட்டால் இளகும். எனவே அதே பசையால் பழுதுபார்த்தால் பின்னாளில் பிரித்து மீண்டும் சரிசெய்யலாம். எப்பாக்சி பசையோ இரும்பு மூலைத்தகடோ இட்டால் அவ்வாய்ப்புப் போய்விடும்.

தொய்ந்த பிரம்புப் பின்னலின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நனைத்து நிழலில் காயவைத்தால் அது ஓரளவு இறுகும். அறுந்த பின்னல் இதனால் சரியாகாது. வண்ணம் பூசிய பழைய செட்டீக்களில் ஈயம் கலந்த வண்ணம் இருக்கக்கூடும். அதனைத் தேய்க்கும்போது எழும் தூசு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, நஞ்சாகும்.

சட்டங்கள்

இந்தியாவின் 1972ஆம் ஆண்டுப் பழம்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத கைவினைப் பொருட்களைத் தனியார் ஏற்றுமதி செய்ய இயலாது. பிரேசில் தோதகத்தி 1992இல் அழிவாபத்து உயிரின வணிக உடன்படிக்கையின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தோதகத்திப் பேரினத்தின் ஏனைய இனங்கள் 2017 முதல் இரண்டாம் பட்டியலில் உள்ளன. எனவே இம்மரச் செட்டீக்களை நாடு கடந்து அனுப்ப ஆவணங்கள் தேவை. தந்தப் பதிப்பு உள்ளவற்றுக்குப் பல நாடுகளில் தடை உண்டு. ஐக்கிய இராச்சியத்தின் 1988ஆம் ஆண்டு அறைகலன் தீப்பாதுகாப்பு விதிகள் 1950க்கு முன் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு அளிக்கின்றன. ஆகவே அத்தகைய இருக்கைகளை விளக்கு, அடுப்பு முதலியவற்றிலிருந்து தள்ளி வைப்பது பயன்படுத்துவோரின் பொறுப்பாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- சோபா
- நாற்காலி
- ஊஞ்சல்
- பிரம்பு
- கருங்காலி
- அரக்கு