அசாகுசா: எரிந்தும் எழுந்த பேட்டை

ஒரு நகரின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் அரண்மனையையும் கோட்டையையும் தேடிச் செல்வர். நானோ கடைவீதிகளைத் தேடிச் செல்வேன். அரசு எண்ணியதைக் கோட்டை கூறும். மக்கள் விரும்பியதைக் கடைவீதி கூறும். டோக்கியோ மாநகரில் சுமிதா ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள அசாகுசா என்னும் பேட்டையைப் பற்றி உங்களிடம் பேச நான் முன்வந்தது இதனாலேயே.

இப்பேட்டையின் உயிர்நிலை சென்சோஜி என்னும் பௌத்தக் கோயில். கி.பி. 628ஆம் ஆண்டில் அண்ணன் தம்பியர் இருவர் இவ்வாற்றில் வலை வீசியபோது, மீனுக்குப் பதிலாகக் கன்னோன் சிலையொன்று சிக்கியது என்பது கோயில் வரலாறு. ஊர்த் தலைவர் தம் இல்லத்தையே கோயிலாக்கி அதனை வழிபட்டாராம். கன்னோன் என்பது அவலோகிதேசுவரரின் ஜப்பானியப் பெயர். அகத்தியர் அந்த அவலோகிதரிடமே தமிழ் கேட்டார் என்று நம் வீரசோழியம் கூறுவதை இங்கு நினைவுகூரலாம். கருவறையிலுள்ள அச்சிலையை எவரும் காண்பதில்லை. திரைக்கு அப்பால் இருப்பதாக நம்பியே வணங்குகின்றனர்.

மீனவர் குப்பம் பெரும் பேட்டையாக வளர்ந்தது எவ்வாறு? விடை நெல்லில் இருக்கிறது. தோக்குகாவா ஆட்சியில் சாமுராய்களுக்கு ஊதியம் அரிசியாகவே அளக்கப்பட்டது. அந்த அரிசியைச் சேமித்த அரசுக் களஞ்சியங்கள் அசாகுசாவுக்குத் தெற்கே ஆற்றோரம் நின்றன. 'களஞ்சியத்தின் முன்புறம்' எனப் பொருள்படும் குராமயே என்ற பெயர் அவ்விடத்துக்கு இன்றும் வழங்குகிறது. அரிசியைப் பணமாக்கித் தந்த தரகர்கள் செல்வத்தில் திளைத்தனர். அச்செல்வம் அசாகுசாவின் கடைகளிலும் கேளிக்கைகளிலும் பாய்ந்தது. 1840களின் தொடக்கத்தில் அரசு சீர்திருத்தம் என்ற பெயரால் கபுக்கி நாடக அரங்குகளை நகர நடுவிலிருந்து அகற்றி இப்பக்கம் அனுப்பியது. ஒதுக்கி வைக்க எண்ணிய கலையே பேட்டைக்குப் பெருமை சேர்த்தது.

புதுமைக்கும் இப்பேட்டை வாயில் திறந்தது. 1890இல் பன்னிரண்டு மாடிக் கோபுரமொன்று இங்கு எழுந்தது; ஜப்பானின் முதல் மின்சார லிப்ட் அதில்தான் இயங்கியது. 1903இல் அந்நாட்டின் முதல் நிலையான சினிமாக் கொட்டகை இங்கே திறக்கப்பட்டது. 1927இல் இங்கிருந்து உவேனோவுக்கு ஓடிய ரயிலே அந்நாட்டின் முதல் சுரங்க ரயில்.

ஆனால், இப்பேட்டையின் கதை இரண்டு தீக்களின் கதையுமாகும். 1923 செப்டம்பர் 1ஆம் நாள் நண்பகலில் பெரும் நிலநடுக்கம் வந்தது. சமையல் வேளையாதலால் அடுப்புகள் கவிழ்ந்து மரவீடுகள் பற்றிக்கொண்டன. பன்னிரண்டு மாடிக் கோபுரம் இடையில் முறிந்தது. சென்சோஜி மட்டும் தப்பியது. அங்கு அடைக்கலம் புகுந்தோர் வாளி வாளியாக நீர் மொண்டு ஊற்றிக் காத்தனர் என்பர். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து வந்த தீயோ மனிதர் மூட்டியது. 1945 மார்ச் 10ஆம் நாள் நள்ளிரவில் சுமார் 300 அமெரிக்க விமானங்கள் எரிகுண்டுகளைப் பொழிந்தன. அவ்வோர் இரவில் சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடுவர். கொத்தொத்தோய் பாலத்தின் இரு முனைகளிலிருந்தும் ஓடிவந்த மக்கள் நடுவே நெருக்குண்டு எரிந்தனர். இயற்கையின் சீற்றத்துக்குத் தப்பிய கோயில் மனிதரின் போருக்குத் தப்பவில்லை.

இங்கேதான் மாணவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கோயில் வளாகத்தின் கிழக்கே, 1618இல் கட்டப்பட்ட நித்தென்மோன் என்னும் பழைய வாயில் நிற்கிறது. ஷோகன் இயேயசுவைத் தெய்வமாக வழிபட எழுந்த ஆலயத்துக்கு வாயிலாக அமைந்தது அது. அவ்வாலயம் 1642இல் எரிந்தது. பின்னர் அங்கு அது எழவேயில்லை. மீனவர் வலையில் வந்த தெய்வத்தின் கோயிலோ மீண்டும் மீண்டும் எழுந்தது. 1649இல் அதன் பெருமண்டபத்தைக் கட்டியவர் ஷோகன் இயெமிட்சு. போருக்குப் பின், 1958இல் அதனைக் கட்டியது பக்தர்களின் நன்கொடை. தெற்கேயுள்ள கமினரிமோன் என்னும் இடி வாயில் 1865இல் எரிந்து 95 ஆண்டுகள் இல்லாமலே இருந்தது. அவ்வளவு காலமும் மக்கள் அவ்விடத்தை அப்பெயராலேயே அழைத்தனர். 1960இல் தொழிலதிபர் மட்சுஷிதா கொனொசுகேயின் கொடையால் வாயில் திரும்ப வந்தது.

இன்றைய பெருமண்டபம் மரத்தாலானதன்று, கான்கிரீட்டாலானது. அதன் கூரையிலும் நிலநடுக்கத்தை எண்ணிப் பாரம் குறைந்த டைட்டானிய ஓடுகள் வேயப்பட்டுள்ளன. அப்படியாயின் இதனைப் பழைய கோயில் என்பது தகுமா என்று சிலர் கேட்பர். தகும் என்பதே என் கருத்து. ஆற்றில் நேற்றைய நீர் இல்லை. ஆயினும் அதனைச் சுமிதா என்றே அழைக்கிறோம். மரமும் கல்லும் மாறின. அவ்விடத்துக்கு வந்து கைகூப்பும் வழக்கம் மாறவில்லை.

எரிகுண்டுத் தீயில் கருகிய இச்சோ மரமொன்று அவ்வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அதன் தண்டில் தீ உண்ட வடு தெரிகிறது. கிளைகளில் ஆண்டுதோறும் புதிய இலைகள் துளிர்க்கின்றன. வரலாறு பயில்வோர் இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். துளிரை மட்டும் கண்டால் போரின் கொடுமையை மறப்போம். வடுவை மட்டும் கண்டால் மக்களின் ஆற்றலை மறப்போம்.