பனிச்சறுக்கு டிரிப் போறீங்களா? ஸ்மார்ட்வாட்ச்சை மட்டும் நம்பாதீங்க!

திருக்கழுக்குன்றத்துல வேதகிரீஸ்வரரைப் பார்க்க 500-க்கும் மேற்பட்ட படிகள் ஏறுறவங்களுக்கு, சித்திரை வெயில்ல கல்லு காலைச் சுடுமேங்கிறதுதான் கவலை. ஆனா, செங்கல்பட்டு, ஓ.எம்.ஆர் பக்கம் வேலைபார்க்குற பலரோட லீவு பிளான்ல இப்போ குல்மார்க்கும் இருக்கு. ஜாக்கெட், கிளவுஸ், கூலிங் கிளாஸ் எல்லாம் லிஸ்ட்ல இருக்கும். உயிரைக் காக்குற கருவி இருக்கா?

'பனிச்சரிவெல்லாம் நமக்கெதுக்கு'ன்னு நினைக்காதீங்க. 2016 பிப்ரவரி 3-ம் தேதி சியாச்சினில் பனிக்குள் புதைந்து, மெட்ராஸ் ரெஜிமென்ட் முகாமில் இருந்த 10 வீரர்களை இழந்தோம். அதில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அது போர்முனை. ஆனால், சுற்றுலாத் தலமான குல்மார்க்கிலேயே 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் 2 பேரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் இறந்திருக்காங்க.

10 நிமிஷக் கணக்கு

சுவிட்சர்லாந்தில் 40 வருஷ விபத்துகளை அலசி 2024-ல் வெளியான ஆய்வு சொல்றது இதுதான்: பனியில் புதைந்தவரை 10 நிமிஷத்துக்குள்ள வெளியே எடுத்தா, 10-ல் 9 பேர் பிழைக்கிறாங்க. அரை மணி நேரத்தை நெருங்கும்போது அது 3 பேரா குறைஞ்சிடுது. காரணம், மூச்சுத்திணறல். மீட்புப் படை எவ்வளவு வேகமா வந்தாலும் 10 நிமிஷத்துல மலை மேல வந்து சேர்றது கஷ்டம். அப்போ, காப்பாத்தப் போறது யாரு? கூட வந்த ஃப்ரெண்டுதான். பனிக்காக வடிவமைக்கப்பட்ட முக்கியமான கருவிகள் பலவும் இந்தக் கணக்கை வச்சுத்தான் உருவாகியிருக்கு.

உடம்புல என்ன மாட்டணும்?

*டிரான்சீவர்:* உள்ளங்கை அளவுள்ள ரேடியோ கருவி. ஜாக்கெட்டுக்கு உள்ளே பெல்ட் போட்டு மாட்டிக்கணும். எந்த கம்பெனி தயாரிச்சாலும் உலகம் முழுக்க 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைதான். அதனால உங்க கருவி அனுப்புற சிக்னலை யார் கருவியும் பிடிக்கும். சறுக்கும்போது எல்லோரும் 'அனுப்பும்' மோடில் இருப்பாங்க. ஒருத்தர் புதைந்தா, மத்தவங்க எல்லாரும் 'தேடும்' மோடுக்கு மாத்தணும். திரையில் அம்புக்குறியும் தூரமும் வரும். அது நேர்கோட்டுல கூட்டிட்டுப் போகாது. காந்தத்தைச் சுத்தி இரும்புத்தூள் வளைஞ்சு நிக்குமே, அந்த மாதிரி வளைஞ்சுதான் போகும். எண் குறைஞ்சுக்கிட்டே வந்தா சரியான வழின்னு அர்த்தம். எண் ரொம்பக் குறைவா காட்டுற இடத்துல நீளமான குச்சியால குத்திப் பார்த்து, மண்வாரியால தோண்டணும். குச்சியும் மண்வாரியும் இல்லாம டிரான்சீவர் மட்டும் இருந்தா, நண்பர் எங்கே இருக்கார்னு தெரியும். வெளியே எடுக்க முடியாது.

*ரெக்கோ:* சில ஜாக்கெட், ஹெல்மெட்டில் தைக்கப்பட்டிருக்கும் சின்னப் பட்டை. பேட்டரியே கிடையாது. மீட்புக் குழுவின் கருவி அனுப்பும் அலையைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். உங்க ஃப்ரெண்டால இதை வச்சுத் தேட முடியாது. அதனால இது டிரான்சீவருக்கு மாற்று இல்லை.

*ஏர்பேக் பை:* கைப்பிடியை இழுத்தா முதுகுப் பையில் இருக்கும் பலூன் விரியும். அரிசி டப்பாவைக் குலுக்கினா பெரிய கடலை மேல வருமே, அதே தத்துவம். உருவம் பெருசானா ஓடும் பனியின் மேற்பரப்பிலேயே இருக்க வாய்ப்பு அதிகம்.

போட்டி வீரர்களுக்கு இன்னொரு வகை உண்டு. சென்சார்கள் 'இது சாதாரணத் தாவல் இல்லை, விழுகை'ன்னு கணிச்சு, தானாகவே விரியும் ஏர்பேக் உடுப்பு. உலகக் கோப்பையின் அதிவேகப் பிரிவுகளில் 2024-25 சீசனிலிருந்து இது கட்டாயம்.

வாட்ச் போதாதா?

2022-23 குளிர்காலத்தில் அமெரிக்காவின் கொலராடோவில், சறுக்கி விளையாடுறவங்களோட போனும் வாட்ச்சும் 'விபத்து' என்று தப்பா நினைச்சு, அவசர எண்ணுக்குத் தானாகவே அழைப்பு அனுப்பித் தள்ளிடுச்சு. அது ஒருபக்கம் இருக்கட்டும். நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுதான் வேணும். சிக்னலே இல்லாத இடத்தில் வாட்ச் யாரைக் கூப்பிடும்? கடும் குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் இறங்கிடும்ங்கிறதையும் மறக்காதீங்க.

'அப்போ சாட்டிலைட் மெசேஜ் கருவி வாங்கிடலாமே'ன்னு தோணுதா? அரசு அனுமதி இல்லாம இந்தியாவுல அதை வச்சிருந்தா சட்டச் சிக்கல். விமான நிலையத்திலேயே பிடிபட்டவங்க இருக்காங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி...

* முதல்முறை போறவங்க குல்மார்க்கின் தாழ்வான புல்வெளிச் சரிவிலேயே பழகுங்க. அங்கே டிரான்சீவரைவிட ஹெல்மெட்தான் முக்கியம்.
* சுமார் 3,950 மீட்டர் உயரத்துக்குப் போகும் கோண்டோலாவின் இரண்டாம் கட்டத்தில் ஏறி, அங்கிருந்து சறுக்கப் போறீங்கன்னா, குழுவில் ஒவ்வொருத்தருக்கும் டிரான்சீவர், குச்சி, மண்வாரி வேணும். உள்ளூர் வழிகாட்டியும் ஸ்கீ பேட்ரோல் எச்சரிக்கையும் முக்கியம். 'மூடியிருக்கு'ன்னா மூடியிருக்குதான்.
* போனை டிரான்சீவரிலிருந்து 20 செ.மீ தள்ளி வைங்க. தேடும்போது 50 செ.மீ. இல்லைன்னா சிக்னல் குழம்பிடும்.
* கருவியோட குறிப்பேட்டில் சொல்லியிருக்கும் வகை பேட்டரியை மட்டும் போடுங்க. பலவற்றுக்கு அல்கலைன்தான்.
* வாடகைக்கு எடுக்கும்போது பெரிய கிளவுஸ் போட்டுக்கிட்டே மோடு மாத்த முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா வேற கருவி கேளுங்க.

கடைசியா, பயிற்சி. கோவளத்துல சர்ஃபிங் கத்துக்கப் போனா முதல்ல மணல்லதானே படுத்து எழுந்து பழக்குவாங்க? இதுவும் அப்படித்தான். சொந்தமா கருவி இருந்தா, மாமல்லபுரம் பக்கம் ஏதாவது சவுக்குத் தோப்புல ஒண்ணை ஒளிச்சுவச்சு, ஸ்டாப்வாட்ச் போட்டு மாத்தி மாத்தித் தேடுங்க. வாடகைன்னா, கோண்டோலா ஏறுறதுக்கு முன்னாடி சமதளப் பனியில் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. உங்க குழுவில் நல்லா தேடத் தெரிஞ்சவர் ஒருத்தர் மட்டும்தான்னா, புதையப் போறது அவராகவும் இருக்கலாம். அதனால எல்லாருமே கத்துக்கோங்க.