காயகம்: கல்யாணபுரத்துச் சரணர்களின் தொழில் நெறி

12ஆம் நூற்றாண்டில் வடகர்நாடகத்தின் கல்யாணபுரத்தில் திரண்ட சிவனடியார்கள் தங்களைச் சரணர்கள் என்று அழைத்துக்கொண்டனர். உடலால் உழைத்துச் செய்யும் தொழிலை வழிபாட்டுக்கு நிகராக வைத்த அவர்களின் நெறிக்குக் காயகம் என்று பெயர். பற்றறுக்க விரும்புகிறவன் தொழிலைத் துறக்க வேண்டும் என்ற எண்ணமும், செய்யும் தொழிலைக் கொண்டே ஒருவனை மேலோன் கீழோன் என்று அளக்கும் வழக்கமும் அன்று வேரூன்றியிருந்தன. சரணர்கள் இரண்டையும் ஏற்கவில்லை.

கல்யாணபுரம் இன்றைய பீதர் மாவட்டத்தின் பசவகல்யாண். 11ஆம் நூற்றாண்டிலிருந்து அது மேலைச் சாளுக்கியரின் தலைநகராக இருந்தது. முதலாம் இராஜாதிராஜ சோழன் அந்நகரை வென்று கொண்டுவந்த துவாரபாலகர் சிலை இப்போது தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. நகரம் பின்னர் சாளுக்கியரின் சிற்றரசராக இருந்த காலச்சூரி மரபினர் கைக்குப் போனது. அம்மரபின் இரண்டாம் பிஜ்ஜலன் 12ஆம் நூற்றாண்டின் நடுவில் அரியணையைத் தனதாக்கிக்கொண்டான்.

அக்காலத்தில் தக்காண வணிகம் செழித்திருந்தது. ஐகொளேயைத் தாயிடமாகக் கொண்ட ஐந்நூற்றுவர் வணிகக் குழு தமிழகம் வரை பரவியிருந்தது. செக்கார், நெசவாளர், வெற்றிலை வணிகர் ஆகியோரின் சங்கங்கள் கோயில்களுக்குக் கொடை அளித்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. கைத்தொழிலாளரிடம் பணம் சேர்ந்தது. ஆனால் அதற்கேற்ற மதிப்பு சடங்குகளிலோ சபைகளிலோ கிடைக்கவில்லை. சரணர் இயக்கத்தில் தொழிலாளர் பெருவாரியாகச் சேர்ந்ததற்கு இந்த முரண்பாடு ஒரு முக்கியக் காரணம்.

இயக்கத்தின் நடுநாயகமான பசவண்ணர் பாகேவாடியில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். பூணூல் சடங்கை மறுத்து வீட்டைவிட்டு வெளியேறி, கிருஷ்ணையும் மலப்பிரபாவும் கூடும் கூடலசங்கமத்தில் கல்வி கற்றார். மங்களவேடையில் பிஜ்ஜலனிடம் கணக்கராக வேலைக்கு அமர்ந்து, பின்னர் கருவூலத் தலைவராக உயர்ந்தார். அரசு உத்தியோகத்தின் உச்சத்தில் இருந்தவர் ஒரு செருப்புத் தொழிலாளியைத் தமக்கு ஈடாக வைத்துப் பேசியது அக்காலச் சமூகத்தை உலுக்கியது. அவர் பதவியைத் துறக்கவில்லை. கருவூலப் பணியையும் ஒரு காயகமாகவே கருதினார்.

சரணர்கள் தங்கள் அனுபவங்களை வசனம் எனப்படும் எளிய கன்னட உரைநடைப் பாக்களாகச் சொன்னார்கள். அவர்களின் பெயர்களோடு தொழிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. மடிவாள மாச்சய்யா துணி வெளுப்பவர். அம்பிகர சௌடய்யா ஓடக்காரர். மேதார கேதய்யா மூங்கில் கூடை முடைபவர். நுலிய சந்தய்யா கயிறு திரிப்பவர். கதிரே ரெம்மவ்வே நூல் நூற்பவர். பசவண்ணருக்கு முந்திய ஜேடர தாசிமய்யா நெசவாளர். வசனம் இயற்றிய பெண்கள் மட்டும் முப்பதுக்கு மேற்பட்டவர்கள். ஊரார் இளக்காரமாக அழைத்த தொழிற்பெயரைச் சரணர்கள் மறைக்காமல் அடையாளமாகச் சூடிக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டு நாயன்மார்களை அவர்கள் முன்னோர்களாகப் போற்றினார்கள். வண்ணாரான திருக்குறிப்புத் தொண்டர், குயவரான திருநீலகண்டர், வலைஞரான அதிபத்தர் போன்றோர் வாழ்ந்த வழி அவர்களுக்கு முன்னுதாரணம். பசவண்ணருக்குச் சற்றுப் பிந்திய கன்னடக் கவிஞர் ஹரிஹரர் நாயன்மார் வரலாறுகளையும் பசவண்ணர் வரலாற்றையும் ரகளை என்ற ஒரே யாப்பு வகையில் பாடினார்.

காயக நெறியின் முதல் விதி, யாரும் உழைக்காமல் உண்ணக் கூடாது என்பது. குருவும், ஊர் சுற்றும் துறவியான ஜங்கமரும்கூட இதற்கு விலக்கல்லர். கைலாயம் இறந்தபின் போய்ச் சேரும் இடமன்று, உழைப்பிலேயே அடங்கியது என்ற கருத்து ஆய்தக்கி மாரய்யாவின் வசனத்தில் வருகிறது. வேலையில் மூழ்கியிருக்கும்போது குருவே எதிர்வந்தாலும் மறக்க வேண்டும் என்னும் அளவுக்கு அவர் போகிறார். நுலிய சந்தய்யாவின் கதையும் அதே துணிவைக் காட்டுகிறது. கயிற்றுக்குப் புல் அறுக்கும்போது கழுத்தில் அணிந்திருந்த இலிங்கம் நீரில் விழுந்தது. அவர் அதை எடுக்க நிற்காமல் வேலையைத் தொடர்ந்தார் என்கிறது மரபு.

இரண்டாவது விதி, தேவைக்கு மேல் சேர்க்கக் கூடாது என்பது. ஆய்தக்கி மாரய்யாவும் மனைவி லக்கம்மாவும் சிந்திய அரிசியைப் பொறுக்கிப் பிழைத்தவர்கள். ஒருநாள் மாரய்யா வழக்கத்தைவிட அதிகமாகக் கொண்டுவந்தார். ஆசை அரசர்களுக்கு உரியது, அடியார்களுக்கு ஆகாது என்று கண்டித்த லக்கம்மா, கூடுதலான அரிசியைத் திருப்பிக் கொட்டிவிட்டு வரச் சொன்னார். மோளிகே மாரய்யா காஷ்மீர அரசைத் துறந்து வந்து கல்யாணபுரத்தில் விறகு விற்றார் என்பது மரபு. அவர் வறுமையைப் பார்த்துப் பசவண்ணர் மறைவாக வைத்துவிட்டுப் போன பொற்காசுகளை மோளிகே மாரய்யா ஜங்கமர்களுக்கே கொடுத்துவிட்டாராம். உழைத்ததில் தன் தேவை போக மிஞ்சியதைப் பிறருக்கு அளிக்கும் இந்தக் கடமைக்குத் தாசோகம் என்று பெயர். காயகமும் தாசோகமும் பிரியாத இரட்டை விதிகள்.

மூன்றாவது விதி நுட்பமானது. நல்ல வேலையும் ‘நான் செய்தேன்’ என்ற பெருமிதத்தோடு செய்தால் பற்றாகிவிடும். சொன்னலிகே எனப்பட்ட சோலாப்பூரில் சித்தராமர் குளங்கள் வெட்டி, கோயில்கள் கட்டிப் புகழ்பெற்றிருந்தார். அங்கே வந்த அல்லமப் பிரபு என்ற சரணர் அவரை மண் வெட்டும் ஒட்டன் என்று அழைத்துச் சீண்டியதாகச் சூன்ய சம்பாதனை என்னும் தொகைநூல் கூறுகிறது. வாக்குவாதத்தின் முடிவில் சித்தராமர் அல்லமரோடு கல்யாணபுரம் சென்றார். சரணர்கள் கண்ட மகிழ்ச்சி தொழிலின் உயர்வில் இல்லை. ஊதியத்தின் அளவிலும் புகழிலும் இல்லை. மனம் ஒன்றிச் செய்வதிலும், வந்ததைப் பகிர்ந்து உண்பதிலும் இருந்தது.

சரணர்கள் கூடிப் பேசிய அவை அனுபவ மண்டபம். அதற்குத் தலைமை வகித்தவர் அல்லமப் பிரபு. பெண் சரணரான அக்கமகாதேவி அங்கு வந்து விவாதித்ததையும் 15ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்படத் தொடங்கிய சூன்ய சம்பாதனை விவரிக்கிறது.

தொழில்களெல்லாம் சமம் என்பது பேச்சில் இருந்தவரை அரசு பொறுத்துக்கொண்டது. திருமண உறவாக மாறியபோது பொறுக்கவில்லை. செருப்புத் தொழிலாளியான ஹரளய்யாவின் மகனுக்குப் பிராமணராகப் பிறந்த மதுவரசரின் மகளை மணம் முடித்தார்கள். தந்தையர் இருவரையும் யானைக் காலில் கட்டி இழுத்துக் கொல்ல அரசாணை பிறந்தது என்கிறது மரபு. நகரம் கலவரத்தில் மூழ்கியது. 1167-68 அளவில் பிஜ்ஜலன் கொல்லப்பட்டான். கூடலசங்கமம் திரும்பிய பசவண்ணர் அங்கேயே மறைந்தார். சென்னபசவண்ணர் என்ற சரணரின் தலைமையில் ஒரு குழு வசன ஓலைச்சுவடிகளுடன் உளவி என்ற ஊருக்குச் சென்றது.

பின் வந்த நூற்றாண்டுகளில் மடங்கள் பெருகின. சாதி அடையாளத்தைக் கரைக்கப் புறப்பட்ட இயக்கத்துக்குள்ளேயே தொழில்வழி உட்சாதிகள் இறுகின. சரணர்கள் பெருமையோடு சூடிய மடிவாளர் முதலிய பெயர்கள் பிறப்பால் வரும் சாதிப் பெயர்களாகவே நிலைத்தன. சரணர் மரபைப் போற்றும் வீரசைவம் தமிழகத்திலும் பரவியது. சாமரசரின் கன்னட நூலைத் தழுவி, அல்லமப் பிரபுவின் வரலாற்றைச் சிவப்பிரகாசர் 17ஆம் நூற்றாண்டில் பிரபுலிங்க லீலை என்று பாடினார். மயிலம் பொம்மபுர ஆதீனம் வீரசைவ மடங்களுள் ஒன்று.

வசனங்களுக்கு மறுவாழ்வு கொடுத்தவர் பிஜாப்பூர் வழக்கறிஞர் ப. கு. ஹளகட்டி (1880-1964). வீடு வீடாகச் சுவடிகளைத் தேடிச் சொந்தப் பணத்தில் அச்சிட்டார். 1923இல் அவருடைய வசன சாஸ்திர சாரம் வெளிவந்தது. கற்றவர்கள் காயக நெறியை அறிய அது வழிதிறந்தது. 1916இல் பெலகாவியில் ஆசிரியர்கள் எழுவர் தொடங்கிய கல்விச் சங்கமும், தும்கூர் சித்தகங்கா மடம் பல்லாயிரம் ஏழை மாணவர்களுக்கு அளிக்கும் இலவச உணவும் கல்வியும் தாசோகத்தின் தற்கால வடிவங்கள். தொழில்வழி ஏற்றத்தாழ்வை ஒழிப்பதில் சரணர்கள் முழு வெற்றி பெறவில்லை. உழைத்ததில் மிஞ்சியது ஊருக்கு உரியது என்ற அவர்களின் விதிதான் நிறுவனங்களாக நிலைபெற்றது.