புகையும் நிகோடினும் ஒன்றல்ல: திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து ஒரு நோயெதிர்ப்பியல் வாதம்

திண்டுக்கல் மாவட்டத்தின் பழைய புகழ் சுருட்டிலும் புகையிலையிலும் கட்டியது. வேடசந்தூரில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் 1948இல் தொடங்கியது. இவ்வட்டாரத்தில் விளைவது பெரிதும் மெல்லும் புகையிலை. ஆக, நிகோடின் இங்கே உடலுக்குள் மூன்று வழிகளில் போகிறது: பீடி, சுருட்டின் புகையாக, கன்னத்தில் அடக்கிய புகையிலைச் சாறாக, ஈர இலையைக் கையாளும் தொழிலாளியின் தோல் வழியாக. மூன்றையும் ஒரே கணக்கில் எழுதினால் நோயெதிர்ப்புச் செல்களில் நடப்பது புரியாமலே போகும்.

முதலில் புகை. புகைப்பவரின் நுரையீரல் சிற்றறைகளில் மேக்ரோபேஜ்கள் என்னும் விழுங்கு செல்கள் எண்ணிக்கையில் பல மடங்கு பெருகி, பழுப்புத் துகள்களை விழுங்கிக் கிடக்கின்றன. அவை விடும் சமிக்ஞைகளால் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் திரண்டு வந்து எலாஸ்டேஸ் நொதியைக் கொட்டுகின்றன. அதைத் தடுத்து நிறுத்த வேண்டிய ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சினையோ புகையின் ஆக்சிஜனேற்றிகள் செயலிழக்கச் செய்கின்றன. சிற்றறைச் சுவர்கள் அரிபடுகின்றன. இது அழற்சியைக் கிளப்பிவிடும் முகம்.

நிகோடின் தனித்துச் செய்வது ஏறக்குறைய இதற்கு நேர்மாறு. மேக்ரோபேஜின் மேற்பரப்பிலுள்ள ஆல்ஃபா-7 ஏற்பியை அசிட்டைல்கோலின் தொட்டால் டி.என்.எஃப். என்னும் அழற்சிப் புரதத்தின் சுரப்பு குறையும் என்று ஆய்வாளர் கெவின் டிரேசியின் குழு 2003இல் காட்டியது. வேகஸ் நரம்பு அழற்சியை அடக்கும் பாதை இது. நிகோடினும் அதே ஏற்பியில்தான் பொருந்துகிறது. பெருங்குடல் புண் அழற்சி புகைப்பவர்களிடம் குறைவாகக் காணப்படுவதும், நிகோடின் பட்டைகளை அந்நோய்க்குக் கொடுத்துப் பார்த்ததும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை.

இதைக் கேட்டதும், 'அப்படியென்றால் நிகோடின் நல்லதுதானே?' என்று சிலர் கிளம்புவார்கள். அழற்சி தணிவது எல்லா நேரத்திலும் நன்மையல்ல. காசநோய்க் கிருமியைக் கட்டிப்போடும் காவலில் டி.என்.எஃப். முக்கியமானது. மூட்டுவாதத்துக்கு டி.என்.எஃப். தடுப்பு மருந்து பெற்றவர்களிடம் உறங்கிக்கிடந்த காசநோய் விழித்துக்கொண்டதை 2001 முதல் மருத்துவ உலகம் அறியும். காசநோய் மிகுந்த நாட்டில் அந்தக் காவலைத் தளர்த்தும் எதையும் சாதுவான பொருள் என்று எண்ண முடியாது.

தமிழ்நாட்டுச் சான்று வலுவானது. கஜலட்சுமியும் சக ஆய்வாளர்களும் 2003இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு, மாநிலத்தின் நகரப்புறத்தில் இறந்த 27,000 ஆண்களையும் கிராமப்புறத்தில் இறந்த 16,000 ஆண்களையும் உயிரோடிருந்த 35,000 பேரோடு ஒப்பிட்டது. 25 முதல் 69 வயது வரையிலான நகர ஆண்களில், புகைத்தவர் காசநோயால் இறக்கும் வீதம் புகைக்காதவரைப் போல 4.5 மடங்கு. கிராமத்திலும் நான்கு மடங்குக்கு மேல். அதற்கு முந்தைய ஆண்டு கோலப்பனும் கோபியும் திருவள்ளூர் மாவட்டத்தில் புகைத்தவர்களிடம் நுரையீரல் காசநோய்க்கே ஏறத்தாழ இரு மடங்கு வாய்ப்பைக் கண்டிருந்தார்கள்.

இதில் புகையின் பங்கு எது, நிகோடினின் பங்கு எது? காசநோய் ஆய்வாளர் லலிதா ராமகிருஷ்ணன் குழுவின் 2016ஆம் ஆண்டு ஆய்வு ஒரு பாதியைத் தெளிவாக்குகிறது. புகைப்பவரின் மேக்ரோபேஜ்களில் செரிமானப் பைகளான லைசோசோம்கள் துகள்களால் அடைபட்டு, அச்செல்கள் நகரத் திணறுகின்றன; தொற்று நடந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. இந்தக் குறை துகளால் வருவது, நிகோடினால் அல்ல. எனவே புகைப்பவரிடம் இரட்டைச் சேதம் என்றே கருதுகிறேன்: செல் நகரவும் மாட்டாது, நகர்ந்த செல்லின் டி.என்.எஃப். குரலும் நிகோடினால் தணிந்திருக்கும். மெல்லுபவரிடம் இரண்டாவது மட்டுமே இருக்க வேண்டும். வாய்ப்புற்று என்னும் தனிக் கேடு அவருக்கு உண்டு என்பது வேறு கணக்கு.

பழக்கத்தை விட்டால் எல்லாம் சரியாகுமா? பிரான்சின் பாஸ்டர் நிறுவனம் 1,000 ஆரோக்கியமானவர்களிடம் செய்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளார்ந்த நோயெதிர்ப்பின் மாற்றம் புகையை விட்டபின் மறைந்தது. டி, பி செல்களின் தகவமைப்பு எதிர்ப்பில் ஏற்பட்ட மாற்றம் பல ஆண்டுகள் தங்கியது. டி.என்.ஏ. மெத்திலேற்றத்தில் அதன் தடம் இருந்தது. ஆனால் அவ்வாய்வு சிகரெட்டைப் பற்றியது. பீடி, மெல்லும் புகையிலை, இலை வேலை மூன்றும் அருகருகே இருக்கும் திண்டுக்கல் சமவெளியில்தான் மேற்சொன்ன ஊகத்தைச் சோதிக்க முடியும். குறைந்தபட்சம் இங்குள்ள காசநோய்ப் பிரிவுகள் நோயாளியிடம் இந்த மூன்றையும் தனித்தனியே கேட்டு, விட்ட ஆண்டையும் சேர்த்துப் பதிய வேண்டும்.